தோல் என்னும் மதில்

1886-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் ரேனர் என்னும் மருத்துவர் விந்தையான செய்தி ஒன்றை வெளியிட்டார். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் சிலருக்கு உடல் திடீரென நீலம் பாரித்தது. குற்றம் அக்குழந்தைகளின் இதயத்திலும் இல்லை, நுரையீரலிலும் இல்லை. அவர்கள் இடையில் சுற்றியிருந்த துணியில் இருந்தது. துணி மாறிப் போகாமல் இருக்கும் பொருட்டு அதன்மேல் அடையாள முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை மையில் அனிலீன் என்னும் சாயப்பொருள் கலந்திருந்தது. புதிதாக முத்திரையிட்ட துணியைத் துவைக்காமலே குழந்தைக்குக் கட்டிவிட்டார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடத்தில் அனிலீன் மெல்லத் தோலைக் கடந்து இரத்தத்திலே கலந்து, அங்குள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாத பொருளாக மாற்றிவிட்டது. துணியைத் துவைத்த பிறகே குழந்தைக்குக் கட்ட வேண்டும் என்பதுதான் அந்நோய்க்குக் கண்ட தடுப்பு.

மாணவ நேயர்களே, இச்செய்தியில் எனக்கு வியப்பளிப்பது இரசாயனம் அன்று, காலம். அதற்கு ஒன்பதே ஆண்டுகளுக்கு முன்னர், 1877-இல், ஃப்ளெய்ஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பல சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு, மனிதத் தோல் எப்பொருளையும் உள்ளே விடாது, வாயுக்களைக் கூட விடாது என்று முடிவு கூறியிருந்தார். ஏட்டிலே எழுதப்பெற்ற அந்த முடிவைத் தொழிலாளரின் கைகளும் குழந்தைகளின் உடல்களும் பொய்யாக்கிக்கொண்டிருந்தன. தோலின் வழியே மருந்தைச் செலுத்தும் கலையின் வரலாறு பெரும்பாலும் இப்படியே நடந்திருக்கிறது. முதலில் நஞ்சு புகுந்தது. அது புகுந்த வழியைக் கண்டு, பின்னர் மருந்தும் அவ்வழியே அனுப்பப்பெற்றது. இடையில் யார் யாருடைய உடல்கள் பாடப்புத்தகங்களாகப் பயன்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இவ்வரலாறு முழுமையாகும்.

மருந்தைப் பூசும் வழக்கம் மிகப் பழமையானது. கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பெற்ற எகிப்து நாட்டு ஏபர்ஸ் பாப்பிரஸ் என்னும் சுவடியில் பூச்சு மருந்துகளும் பற்றுகளும் நிறையக் கூறப்பட்டுள்ளன. ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர் தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் நீரையும் குழைத்துச் செய்த களிம்பே இன்றைய குளிர்க்களிம்புகளின் மூதாதை. நம் சித்த வைத்தியமோ மருந்துகளை அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று சரிபாதியாகவே வகுத்தது. பற்று, பூச்சு, ஒற்றடம், வேது, களிம்பு, பசை, பொட்டணம் முதலியன புறமருந்துகளைச் சேர்ந்தவை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயுள்ள இடத்தின் மேலேயே மருந்தை வைப்பது வேறு. தோலை வெறும் வாயிலாகக் கொண்டு, இரத்தத்தின் வழியே தொலைவிலுள்ள உறுப்பொன்றுக்கு மருந்தை அனுப்புவது வேறு. சிரங்குக்குக் களிம்பு பூசுவது முதல் வகை. காதின் பின்னே ஒட்டிய மருந்து வாந்தியை நிறுத்துவது இரண்டாம் வகை. நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியே.

அவ்வகையில் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடைபெற்ற பெருஞ்சோதனை என்று பாதரச வைத்தியத்தைச் சொல்லலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் சிபிலிஸ் என்னும் மேகநோய் அங்கே காட்டுத்தீப்போலப் பரவியது. பாதரசத்தைப் பன்றிக் கொழுப்பில் அரைத்துக் களிம்பாக்கி, நோயாளியின் தொடைகளிலும் கைகால்களிலும் நாள்தோறும் தேய்த்து, அனல் மூட்டிய அறையில் அவனைப் போர்த்திக் கிடத்தினர். வாயிலிருந்து எச்சில் ஆறாக ஒழுகும், பற்கள் ஆடும், ஈறுகள் அழுகும். எச்சில் மிகுதியாக வடிந்தால் நோயின் நஞ்சு வெளியேறுகிறது என்று அக்கால வைத்தியர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் அது பாதரச நஞ்சின் அறிகுறி. உல்ரிக் ஃபான் ஹுட்டன் என்னும் ஜெர்மானியப் புலவர் இவ்வைத்தியத்திற்குப் பதினொரு முறை உட்பட்டார். பட்ட துன்பத்தை 1519-இல் ஒரு நூலாகவே எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயது நிரம்பும் முன்னரே இறந்தார். களிம்பிலிருந்த பாதரசத்தில் ஒரு பகுதி தோலின் வழியாகவும், ஒரு பகுதி ஆவியாகி மூச்சின் வழியாகவும் சென்றிருக்க வேண்டும். எவ்வழிச் சென்றது என்று கேட்பார் அப்பொழுது இல்லை. பூசினால் உள்ளே ஏதோ நிகழ்கிறது என்ற அளவிலே அறிவு நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் களிம்பின் உடல் மாறியது என்று சொல்லலாம். பன்றிக் கொழுப்பு சில நாட்களில் காறிப்போகும். அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் குழாய்களில் படிந்த மெழுகு போன்ற கசட்டைச் சுத்தம் செய்து, செஸ்பரோ என்பார் 1872-இல் வாஸ்லீன் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். 1882-இல் பெர்லினில் லீப்ரைக் என்பார் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து லானோலின் செய்தார். அதே ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து மருந்து வணிகர் பையர்ஸ்டார்ஃப், மருந்தை அளவாகத் தடவிய பிளாஸ்திரிகளுக்குக் காப்புரிமை பெற்றார். உன்னா என்னும் தோல்நோய் மருத்துவர் அவருக்குத் துணை நின்றார். மருந்தை அளந்து ஒட்டலாம் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது. எனினும் ஒட்டிய மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது எவருக்கும் தெரியாது.

இக்காலத்தில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரான்ஸ் தேசத்து லெதுக் என்பார் இரண்டு முயல்களை ஒரே மின்சுற்றில் பிணைத்தார். ஒரு முயலின் தோல்மேல் நேர்மின் முனையை ஸ்டிரிக்னின் என்னும் எட்டி நஞ்சில் நனைத்து வைத்தார். மற்றொன்றின் மேல் எதிர்மின் முனையை சயனைடில் நனைத்து வைத்தார். மின்னோட்டம் பாய்ந்ததும் முதல் முயல் வலிப்புக் கண்டது; இரண்டாவது சயனைடு நஞ்சால் மாண்டது. முனைகளை மட்டும் மாற்றி வைத்து வேறிரு முயல்களில் அதே மின்னோட்டத்தைச் செலுத்தியபோது ஒன்றுக்கும் தீங்கில்லை. நேர்மின்னேற்றமுடைய ஸ்டிரிக்னினை நேர்முனை தள்ளும். எதிர்முனையோ இழுத்துத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். மின்சாரத்தால் மருந்தைத் தோலுக்குள் தள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதைவிடக் கொடிய சான்றும் கிடைப்பது அரிது. பிலோகார்ப்பின் என்னும் மருந்தை இம்முறையில் தோலுள் செலுத்தி, சுரக்கும் வியர்வையின் உப்பை அளந்து, குழந்தைகளின் பரம்பரை நோய் ஒன்றைக் கண்டறியும் சோதனை 1959-இல் வகுக்கப்பட்டது. அது இன்றும் நடைபெறுகிறது.

இனி மதிலைப் பார்ப்போம். 1904-இல் ஷ்வெங்கன்பெஹர் என்னும் ஜெர்மானியர், கொழுப்பில் கரையும் பொருள்களும் வாயுக்களும் தோலைக் கடக்கும், உப்புக்கள் கடப்பதில்லை என்று நிறுவினார். மதில் முழுவதும் அடைபட்டதன்று, ஆள்பார்த்துக் கதவு திறக்கும் மதில் என்பது அப்போது தெரிந்தது. அம்மதில் தோலின் எந்த அடுக்கில் இருக்கிறது? 1944-இல் வின்சர், பர்ச் என்னும் இரு அமெரிக்கர்கள் இறந்தோரின் தோலை எடுத்து, அதன் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பார்த்தார்கள். தேய்த்ததும் நீர் தங்குதடையின்றி ஊடுருவிச் சென்றது. ஆகவே, தோலின் காவல் முழுவதும் மேலேயுள்ள கொம்புப் படலத்தில் இருக்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அல்லது சற்று மிகுதி. அதிலுள்ள உயிரணுக்கள் யாவும் இறந்தவை. தட்டையாகிப் பதினைந்து அடுக்குகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. இரண்டு வாரங்களில் அவை உதிர்ந்து புதியவை வந்துவிடும். பீட்டர் எலையாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் பின்னாளில் இதனைச் செங்கற் சுவருக்கு ஒப்பிட்டார். இறந்த அணுக்கள் செங்கற்கள்; அவற்றிடையே நிரம்பியுள்ள கொழுப்பே சுண்ணச் சாந்து. மருந்து செல்லும் வழி பெரும்பாலும் அச்சாந்தினூடேதான். எனவே கொழுப்பில் சற்றுக் கரைய வேண்டும், நீரிலும் சற்றுக் கரைய வேண்டும், மூலக்கூறும் சிறிதாக இருத்தல் வேண்டும். மூலக்கூற்று எடை ஏறத்தாழ 500-க்கு மேற்பட்டால் நுழைவது அரிது. இன்சுலினின் எடை 5,800-ஐ ஒட்டியது. இன்சுலினை ஏன் களிம்பாகப் பூசலாகாது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் விடை அந்த எண்தான்.

மதில் எல்லா இடத்திலும் ஒரே உறுதியுடையதுமன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் மருந்து 1952-இல் தோல்நோய்க்குப் பூச்சாக வந்து, அத்துறையையே மாற்றியமைத்தது. ஃபெல்ட்மன், மைபாக் என்னும் இருவர் 1967-இல் அம்மருந்தை உடலின் பல இடங்களில் பூசி, உட்சென்ற அளவை ஒப்பிட்டார்கள். முன்கையின் உட்புறத்தில் சென்றதை 1 என்று கொண்டால், உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்கே சென்றது. நெற்றியில் 6 மடங்கு. தாடையில் 13 மடங்கு. முகத்தில் கண்ட களிம்பையும் தடவிக்கொள்வோர் இவ்வெண்களை நினைவில் வைத்தல் நலம்.

இப்பொழுது இவ்வரலாற்றின் நடுநாயகமான பொருளுக்கு வருகிறேன். அது மருந்தாகப் பிறந்ததன்று, வெடிமருந்து. 1847-இல் இத்தாலி நாட்டு ட்யூரின் நகரில் சோப்ரேரோ என்னும் இரசாயன அறிஞர் நைட்ரோகிளிசரினைச் செய்தார். நாக்கின் நுனியில் அணுவளவு வைத்துப் பார்த்தபோதே தலை பிளக்கும் வலி உண்டாயிற்று என்று அவரே எழுதிவைத்தார். 1879-இல் இலண்டன் மருத்துவர் மரெல், அதன் நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசலால் நனைந்த தக்கையை நாவில் தொட்டார். நாடி உடலெங்கும் துடிதுடித்தது. அத்துடிப்பைக் கண்டே அதை மார்பு நெரிவலிக்கு மருந்தாகக் கொடுத்து வெற்றி பெற்றார். அப்பொருளை டைனமைட் ஆக்கிப் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் இதயநோய் கண்டது. மருத்துவர்கள் அவருக்கு எழுதித் தந்த மருந்து நைட்ரோகிளிசரினே! பொதுமக்கள் அஞ்சாதிருக்க அதற்கு வேறு பெயர் இட்டிருக்கிறார்கள் என்று 1896-இல் ஒரு நண்பருக்கு அவர் நகைப்போடு எழுதினார்.

மரெல் போன்றோர் நாவில் தொட்டு அறிந்ததைத் தொழிற்சாலை மக்கள் கையாலே அறிந்திருந்தார்கள். வெடிமருந்து ஆலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே தாங்கொணாத் தலைவலி வரும். அவன் அதைக் குடித்தவன் அல்லன். தொட்டவன், ஆவியை முகர்ந்தவன். சில நாட்கள் சென்றால் வலி நின்றுவிடும், உடல் பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அந்த ஒரு நாளில் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் மீண்டும் தலை பிளக்கும். அதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர் வைத்தார்கள். தொழிலாளர்கள் கண்ட மாற்று என்ன தெரியுமா? விடுமுறை நாளில் சிறிது நைட்ரோகிளிசரினைத் தம் தொப்பியின் உட்பட்டியில் தேய்த்துக்கொண்டு திரிந்தார்கள். நெற்றித் தோலின் வழியே அது ஓயாமல் சிறிது சிறிதாக உட்சென்றது. பழக்கம் விடவில்லை, திங்கட்கிழமை வலியும் வரவில்லை. சற்று எண்ணிப் பாருங்கள். மருந்தைத் தோலில் ஒட்டி, மணிக்கணக்காகச் சீராக உடலுள் செலுத்தும் முறையை எந்த ஆராய்ச்சிக்கூடமும் கண்டறியுமுன் அத்தொழிலாளர்கள் கையாண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

தலைவலியோடு போயிருந்தால் நன்று. இதயத்தின் இரத்தக் குழாய்கள் பல மாதம் விரிந்தே பழகியபின், மருந்து திடீரென நின்றால் சுருங்கிக்கொள்கின்றன. இரத்தக் குழாய் அடைப்பு ஏதும் இல்லாத வெடிமருந்துத் தொழிலாளர்கள் விடுமுறை நாட்களில் மாரடைப்புக்கு ஆளானதை அமெரிக்க மருத்துவர்கள் 1972-இல் விவரித்து எழுதினார்கள்.

நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பயன் குறைவு. குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே பெரும்பகுதி அழிந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தாலோ நிமிடங்களில் வேலை செய்யும். அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே 1950-களில் மருத்துவர்கள் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரோகிளிசரின் சேர்ந்த களிம்பை மார்பில் பூசத் தொடங்கினார்கள். அங்குலக் கோடுகள் அச்சிட்ட காகிதத் துண்டில் களிம்பை அளந்து பிதுக்கி, அதை அப்படியே தோலில் அப்புவார்கள். பயன் உண்டு, தொல்லையும் உண்டு. சட்டையில் ஒட்டும், பரப்பு கூடினால் மருந்தும் கூடிவிடும், ஒருவர் தோல் போல் மற்றொருவர் தோல் இராது.

இத்தொல்லையைத் தீர்த்தவர் அலெஹாந்த்ரோ ஸாஃபரோனி. 1923-இல் உருகுவே நாட்டு மான்டிவிடியோவில் பிறந்து, அமெரிக்காவில் உயிர் இரசாயனம் பயின்று, மெக்சிகோவில் ஹார்மோன் மருந்துகளைச் செய்த ஒரு நிறுவனத்தில் உயர்ந்தவர். நம் சுரப்பிகள் ஒரு நாளைக்கு மூன்று முறை மாத்திரை போடுவதில்லையே. கணந்தோறும் துளித்துளியாகச் சுரக்கின்றனவே. மருந்தும் ஏன் அப்படிச் செல்லலாகாது என்பது அவர் சிந்தனை. 1968-இல் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே ஆல்ஸா என்ற நிறுவனத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். 1971-இல் மருந்துப் பட்டைக்கான காப்புரிமை கிட்டியது. 1979-இல் முதற்பட்டை அமெரிக்க அரசின் அனுமதியோடு வெளிவந்தது. அதிலிருந்த மருந்து ஸ்கோபாலமின். நம் ஊர்ப் புறம்போக்குகளில் வளரும் ஊமத்தையிலும் உள்ள பொருள்தான் அது. கப்பலிலும் வண்டியிலும் செல்வோர்க்கு உண்டாகும் குமட்டலை நிறுத்த, காதின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அங்கே தோல் எளிதில் வழிவிடும்.

பட்டையின் பரப்பு இரண்டரைச் சதுர சென்டிமீட்டர். ஒரு நாணயம் அளவு. அதனுள் ஒன்றரை மில்லிகிராம் மருந்து. மூன்று நாட்களில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் உடலுக்குள் செல்லும். வெளிப்புறத்தில் நீர்புகா மூடி, அதனடியில் மருந்துக் கிடங்கு, அதனடியில் நுண்துளைகள் உள்ள மென்சவ்வு, கடைசியில் பசை. இதில் அறிவின் கூர்மையெல்லாம் அச்சவ்வில் இருக்கிறது. தோல் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொன்னேன். அதற்கு ஸாஃபரோனி குழுவினர் கண்ட வழி, தோலைவிட மெதுவாக மருந்தை விடும் சவ்வு ஒன்றைப் பட்டையிலேயே வைத்துவிடுவது. வாய்க்கால் எவ்வளவு அகலமாயினும் மதகு விடும் நீர்தானே ஓடும்! மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் தோலிடமிருந்து பட்டைக்கு மாறிற்று. பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். அதனால் கையைக் கழுவச் சொல்லி மருந்தோடு சீட்டு வைக்கிறார்கள்.

இம்முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம், மிஞ்சினால் சில பத்து மில்லிகிராம், அவ்வளவே மதில் விடும். ஓர் ஆஸ்பிரின் மாத்திரையில் 325 மில்லிகிராம் இருக்கிறது. பாராசிட்டமால் பட்டை என்று எதுவும் வராமைக்கு இதுவே காரணம். நம் வீடுகளிலுள்ள தலைவலித் தைலங்கள் வேறு வகையின. 1893-இல் பம்பாயில் தொடங்கி 1914-இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனம் போன்றவற்றில், புதினா உப்பு தோலின் குளிர்ச்சி நரம்புகளைத் தூண்டி வலியை மறக்கச் செய்கிறது. அவ்வகைத் தைலங்கள் பலவற்றில் சேரும் வின்டர்கிரீன் எண்ணெய் மட்டும் ஓரளவு உட்செல்லும். அவ்வெண்ணெயைக் கலப்பின்றி ஒரு தேக்கரண்டி அருந்துவது இருபது ஆஸ்பிரினுக்கு மேல் விழுங்குவதற்குச் சமம். அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நைட்ரோகிளிசரின் பட்டைகள் 1981, 1982-ஆம் ஆண்டுகளில் வந்தன. ஒரு நாள் முழுவதும் ஒரே சீராக மருந்து தருவதே அவற்றின் பெருமை என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் சில நாட்களிலேயே மருந்து பலிக்காமற் போனது. உடல் பழகிவிட்டது! தொப்பிப் பட்டியில் மருந்து வைத்த தொழிலாளர்கள் வேண்டுமென்றே தேடிக்கொண்ட அதே பழக்கம் இங்கே நோயாளிக்குப் பகையாயிற்று. 1980-களின் முடிவில் மருத்துவர்கள் முறையை மாற்றினார்கள். இரவில் பட்டையை எடுத்துவிட்டுப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது இன்றைய விதி. ஆலைத் தொழிலாளரின் திங்கட்கிழமை நோயைப் பற்றிய குறிப்புக்கள் மருத்துவ நூல்களில் பல்லாண்டுகளாகவே இருந்தன. அவற்றை யாரேனும் ஊன்றிப் படித்திருந்தால் பட்டையை வடிவமைக்கும்போதே இது புலப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

புகைப்பழக்கத்தை விடுவிக்கும் நிகோட்டின் பட்டையின் கதையும் வயலில்தான் தொடங்குகிறது. நனைந்த புகையிலை இலைகளைப் பறிப்போர்க்கு வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. 1933-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பில், பூ வணிகர் ஒருவர் நிகோட்டின் பூச்சிமருந்து சிந்திய நாற்காலியில் உட்கார்ந்து நஞ்சேறி விழுந்த செய்தி உண்டு. தேறி வீடு திரும்புகையில் அதே உடையை மீண்டும் அணிந்தார், மறுபடியும் விழுந்தார். இத்தகைய செய்திகளால் தூண்டப்பெற்று, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஜார்விக், ரோஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் நிகோட்டினைத் தங்கள் தோலிலேயே வைத்துச் சோதித்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் பட்டைகளுக்கு அமெரிக்க அரசு அனுமதி தரத் தொடங்கியது.

தம் தோலில் சோதித்தவர்களைச் சொன்னேன். பிறர் தோலில் சோதித்தவர்களையும் சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில் கிளிக்மன் என்னும் புகழ்வாய்ந்த தோல் மருத்துவப் பேராசிரியர் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் எண்ணற்ற பொருள்களைப் பூசி ஆராய்ந்தார். அவற்றுள் டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சும் ஒன்று. கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலர் கூலிக்காக முதுகைக் காட்டியவர்கள். என்ன பூசப்படுகிறது என்பதையும் அவர்கள் செம்மையாக அறியார். முகப்பருவுக்கு இன்றும் வழங்கும் டிரெட்டினாயின் களிம்பு உட்பட, தோலைப் பற்றிய பயனுள்ள அறிவு பல அங்கிருந்து வந்தது உண்மை. 2022-இல் அந்நகர நிர்வாகம் அதற்காக மன்னிப்புக் கோரியது. அப்போது அக்கைதிகளில் பலர் உயிரோடு இல்லை. குழந்தைகளும் தப்பவில்லை. 1972-இல் பிரான்ஸ் தேசத்தில் ஹெக்ஸாகுளோரஃபீன் என்னும் கிருமிநாசினி தவறுதலாக மிகையாய்க் கலந்துவிட்ட பவுடரைப் பூசிய குழந்தைகளில் 36 பேர் மாண்டார்கள். ரேனர் கண்ட குழந்தைகளுக்கு எண்பத்தாறு ஆண்டுகள் கழித்து இது நிகழ்ந்தது.

1990-இல் அனுமதி பெற்ற ஃபென்டனில் பட்டை புற்றுநோயாளிகளின் கடும் வலியை மூன்று நாட்கள் தணித்து வைக்கும். மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுள்ளது. பயன்படுத்தி எறிந்த பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். உதிர்ந்து கிடந்த பட்டையைக் குழந்தைகள் எடுத்து ஒட்டிக்கொண்டும் வாயில் போட்டுக்கொண்டும் இறந்தமையால், பட்டையின்மீது எழுத்துக்கள் எளிதிற் புலப்படும் நிறத்தில் அமைய வேண்டும் என்று 2013-இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை கட்டளையிட்டது. பயன்படுத்தியதும் பசைப்புறம் உள்ளே இருக்குமாறு மடித்துவிட வேண்டும். உடலில் பட்டை இருக்கும்போது அதன்மேல் வெந்நீர் ஒற்றடமும் கூடாது. வெப்பம் பட்டால் மருந்து விரைந்து புகும்.

பெரிய மூலக்கூறுகளை மதில் விடாது என்றேனே, அதற்கும் ஒரு வழி தோன்றியிருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணூசிகள் பல நிறைந்த பட்டை என்ற எண்ணத்திற்கு ஆல்ஸா நிறுவனத்தார் 1976-இலேயே காப்புரிமை பெற்றிருந்தனர். செய்யும் கருவிதான் இல்லை. கணிப்பொறிச் சில்லு செய்யும் கலை வளர்ந்தபின், 1998-இல் ஜார்ஜியா மாநிலத் தொழில்நுட்பக் கழகத்தில் பிராஸ்னிட்ஸும் அவர் குழுவினரும், மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு நீளமுள்ள சிலிக்கன் ஊசிகளைச் செய்து காட்டினார்கள். அவை கொம்புப் படலத்தைத் துளைக்கும். வலியுணர் நரம்புகளைப் பெரும்பாலும் தீண்டா. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் இத்தகைய நுண்ணூசிப் பட்டையின் மூலம் தட்டம்மைக்கும் ருபெல்லா அம்மைக்கும் தடுப்பு மருந்து தந்து பார்த்தார்கள். பெரியோர் 45 பேர், நடைபழகும் குழந்தைகள் 120 பேர், ஒன்பது மாதத்தை எட்டிய சிசுக்கள் 120 பேர் அதில் பங்கு கொண்டனர். பட்டையிட்ட சிசுக்களில் தொண்ணூறு விழுக்காட்டினருக்கு மேல் தட்டம்மையை எதிர்க்கும் ஆற்றல் உண்டாயிற்று என்று 2024-இல் செய்தி வெளியாயிற்று. ஊசி மருந்தின் பயனுக்கு அது குறைந்ததன்று. பட்டையை ஒட்டுவதற்கு மருத்துவரோ தாதியோ வேண்டியதில்லை. மணிக்கட்டில் வைத்துப் பெருவிரலால் அழுத்திச் சில நிமிடம் வைத்திருந்தால் போதும்.